பொன் விளிம்பு

வரவேற்பறைக் கூரையில் இருந்த புகைமணி திடீரென்று வீறிட்டது.

குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த குணேஸ்வரியின் கை உதறி, எண்ணெய் கோலத்தின் மேல் சிந்தியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது. பொன்வேலை செய்யும் பத்தர் தபோதரன் மட்டும் ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மேலே உருட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கரியை ஊதினார்.

கலியாணத்துக்குச் சில நாள் முன்னே, நல்ல நேரம் பார்த்து, தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது யாழ்ப்பாணத்து வழக்கம். பொன்னுருக்கல் என்பார்கள். அங்கே முற்றத்தில் உருக்கினார்கள், புகை வானத்துக்குப் போனது. இங்கே, ஜெர்மனியின் பான் நகரத்து டானன்புஷ் பகுதியில், அடுக்குமாடியின் உச்சியில் இருக்கும் வீட்டில் புகை எங்கே போகும்? பத்தர் யோசனையோடுதான் சின்ன காஸ் சுடர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதெல்லாம் சரிவராது, சிரட்டைக்கரியில்தான் உருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மாப்பிள்ளையின் தகப்பன் சிற்றம்பலம். அவர் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

மாப்பிள்ளை சேயோன் பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினான். மணியின் பொத்தான் எட்டவில்லை. தன் அறைக் கதவுக்குப் பின்னால் விளக்குமாறு இருப்பது நினைவு வர, இறங்கி உள்ளே ஓடினான்.

விளக்குமாற்றை எடுத்தவன், திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டான்.

அலமாரியில் வரிசையாக இருந்த மரப்பெட்டிகளில் ஒன்றின் நாடா மாறிக் கட்டப்பட்டிருந்தது. ஜப்பானியர் அந்தப் பெட்டிகளைக் கட்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தட்டையான நாடா முறுகாமல் கிடக்க வேண்டும். முடிச்சின் இரண்டு காதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். அதைப் பழக சேயோன் பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்தப் பெட்டியோ சப்பாத்து நாடா கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக் கிடந்தது.

வெளியே மணி அலறிக்கொண்டே இருந்தது. அவன் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு கறுப்புத் தட்டு கிடந்தது. அதன் விளிம்பு முழுவதும் குறடு கடித்த தழும்பு. ஒரு பக்கம் நெளிந்து மடங்கியிருந்தது. தட்டின் முகத்தில் பொன்னில் பதித்த வாத்துகள் பறந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

அவன் தட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். மறுபக்கமும் அப்படித்தான்.

அது என்ன தட்டு என்று சொல்ல வேண்டும். ஜப்பானிய வாளில், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே வட்டமாக ஒரு காப்பு இருக்கும். குத்தும் வேகத்தில் கை வழுக்கி அலகில் ஏறாமல் தடுப்பது அதன் வேலை. ட்சுபா என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தத் தட்டில் மழை, நிலா, நண்டு, நாணல் என்று ஓர் உலகத்தையே செதுக்கி, பொன்னும் வெள்ளியும் பதித்து வைத்தார்கள் அந்தக் காலத்துக் கைவினைஞர்கள். கொலோனில் ஓர் ஏல நிறுவனத்தில் ஜப்பானியப் பொருட்கள் பிரிவில் வேலை பார்த்த சேயோனுக்கு அதில் பைத்தியம் என்றே சொல்லலாம். சம்பளத்தில் மிஞ்சியது எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் போயிற்று.

சிற்றம்பலத்தின் வாயில் அதற்குப் பெயர் இரும்பு வடை. நடுவில் வாள் போகிற ஓட்டை இருக்கிறதல்லவா, அதனால். அது இரும்பே இல்லை, வேறு உலோகம் என்று மகன் விளக்க வந்தால், அப்ப பித்தளை வடை என்பார். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் இந்தப் பகிடியைச் சொல்லிச் சிரிப்பார். சேயோன் சிரிக்க மாட்டான். தகப்பன் அந்த அறைக்குள் வந்தால் எழுந்து கதவருகில் போய் நிற்பான். அவர் போகும்வரை அங்கேயே நிற்பான்.

அந்த ஒரு பெட்டி மட்டும் வேறு கதை. ஹம்பேர்க்கில் இறந்துபோன ஒரு கப்பல் தலைவரின் வீட்டுச் சாமான்களுக்கு நடுவே சேயோன் அதைக் கண்டுபிடித்தான். கருமையான தட்டில் இறங்கி வரும் காட்டு வாத்துகள், எல்லாம் பொன். சுற்றிலும் தடித்த பொன் விளிம்பு. பெரிய வாளுக்கும் சின்ன வாளுக்கும் ஒரே கை செய்த இணையில் இது பெரியது. சின்னது ஜப்பானில், கனசவா நகரத்தில், ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இருந்தது. அவன் எழுதினான். அவர்கள் பதில் எழுதினார்கள். பிரிந்துபோன இணைகளை ஒன்றுசேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அவன் தட்டோடு வந்தால் அதை நடத்துகிற வேலையும், தங்க வீடும், இரண்டு வருடத்துக்குச் சம்பளமும் தருவார்கள். தட்டு இருந்தால்தான் இணை. இணை இருந்தால்தான் வேலை.

டானன்புஷ் வீட்டையும் வடைப் பகிடியையும் விட்டுப் போக அவனுக்குத் திறந்த ஒரே கதவு அது. கலியாணம் முடிந்த கையோடு மணப்பெண் நிலக்சியையும் கூட்டிக்கொண்டு பறப்பதாகத் திட்டம்.

நிலக்சிக்கும் அவன் சொல்லியிருந்தான். ரைன் ஆற்றங்கரையில் நடந்தபோது, ஜப்பானுக்கு வருவதாக ஓம் என்று எழுதியாகிவிட்டது என்ற செய்தியை ஒரு பரிசு போலத்தான் நீட்டினான். அவள் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியை, அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தாள். தன் வேலை என்ன ஆவது என்று கேட்டாள். லீவு போடலாம், அங்கே யாருக்காவது ஜெர்மன் படிப்பிக்கலாம், அதெல்லாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் சேயோன். பிறகு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து பெட்டியை அவிழ்த்து, தட்டை அவள் கையில் வைத்தான். வேறு யார் கையிலும் அவன் அதை வைத்ததில்லை. அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வடிவாயிருக்கு என்றாள். எவ்வளவு நல்ல பெண் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அவன் பெட்டியோடு வரவேற்பறைக்குத் திரும்பியபோது புகைமணி நின்றிருந்தது. தாய்மாமன் யோகலிங்கம் அதைக் குடைக்கம்பால் அடித்து விழுத்தி, செருப்பால் கரப்பான் பூச்சியை அடித்தவர் போல வெற்றியோடு நின்றார். வாசலில் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரக் கிழவி வந்து நின்று என்ன எரிகிறது என்று விசாரிக்க, குணேஸ்வரி அவளுக்கு ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பத்தரின் முன்னால், கரிச்சட்டியின் நடுவே, மூசை என்கிற சின்ன மண்கிண்ணத்தில் பொன் உருகி முடிந்திருந்தது. சிவந்த ஒரு துளி. அது தளதளவென்று ஆடியது.

சேயோன் திறந்த பெட்டியை நீட்டினான். இது யார் வேலை என்று கேட்டான்.

"பெட்டியை வச்சிட்டு வந்து இரு," என்றார் சிற்றம்பலம். "நல்ல நேரம் போகுது."

"உங்களைத்தான் அப்பா கேக்கிறன்."

"நான்தான். ஏன், உன்ரை வடை அப்பிடியேதானே கிடக்கு? பொன்னை மட்டும்தான் கழட்டினனான். கலியாணத்துக்குச் சேர்க்க வேண்டிய காசைக் கொண்டுபோய் அதுக்குள்ளை போட்டனி. கலியாணத்துக்கு அதிலையிருந்துதான் பொன் வரும். கணக்குச் சரி."

"அத்தான் வடையை விட்டிட்டு விளிம்பை மட்டும் கடிச்சிருக்கிறார்," என்றார் யோகலிங்கம். சபை சிரித்தது. என்ன நடந்தது என்று தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இத்தனை பெட்டிக்குள் இந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சேயோன் கேட்டான். மேலே எழுதியிருப்பது எல்லாம் ஜப்பான் எழுத்து. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி. மற்ற ஒன்றில்கூடக் கை வைத்த அடையாளம் இல்லை. சிற்றம்பலம் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த மடிப்பைத்தான் சேயோன் பார்த்தான். தகப்பனுடைய வலக்கையில் மோதிர விரலும் சின்ன விரலும் இல்லை. தகடு வெட்டுகிற தொழிற்சாலையில், அவன் பிள்ளையாக இருந்த காலத்தில் போனவை. மீதி விரல்களால் அவர் வெற்றிலை மடிப்பதும் குறடு பிடிப்பதும் ஒரு வித்தை மாதிரி இருக்கும். அந்தக் கைதான் குறட்டைப் பிடித்து இந்த விளிம்பை உரித்திருக்கிறது. அவன் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"மிஞ்சின மூண்டு விரலுக்கும் அழிக்க மட்டும்தான் தெரியும்," என்றான், சபை முழுவதற்கும் கேட்கும்படி. "மற்ற ரெண்டையும் அந்த மெஷின் திண்டது நல்லதுதான்."

சிரிப்பு நின்றது. குணேஸ்வரி பலகாரத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்தர் கரியைக் கிளறுவதை நிறுத்தினார்.

சிற்றம்பலம் கோபப்படவில்லை. அந்தக் கையைத் தூக்கி, மகன் பார்க்கட்டும் என்று முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அந்த மெஷினுக்கும் ஒரு காப்பு இருந்ததடா. வேலை சுணங்குதெண்டு மேஸ்திரி கழட்டி வச்சவன். எவனோ ஒருத்தன் ஆரையோ வெட்டப் பிடிச்ச வாளின்ரை காப்பை நீ பஞ்சிலை வச்சுக் கும்பிடுறாய். இந்தக் கையை ஒரு நாள் எடுத்துப் பாத்தனியே?"

சிற்றம்பலம் கையைக் கீழே போட்டுவிட்டு, பத்தருக்குத் தலையசைத்தார். பத்தர் பொன்னை வார்த்து, ஆறவிட்டு, வெற்றிலைமேல் வைத்தார். ஒரு கோணல் உருண்டை. அதன் வடிவத்தைப் பார்த்துப் பலன் சொல்வது வழக்கம். தாமரை மொட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு மாமி சொல்லி வைத்தாள்.

"எடு," என்றார் சிற்றம்பலம். "உன்ரை பொன்தானே. எடுத்துக்கொண்டு இப்பவே ஜப்பானுக்குப் போ. ஆனா பொன்னுருக்கினதுக்குப் பிறகு கலியாணம் நிண்டதெண்டு நிலக்சியின்ரை தகப்பனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் சொல்ல மாட்டன்."

சேயோன் உருண்டையைப் பார்த்தான். எடுத்துத்தான் என்ன செய்வது? உருகிப்போன வாத்துகளைத் திரும்பப் பறக்க விட உலகத்தில் எந்தக் கையாலும் ஏலாது. எடுத்தால் நிலக்சியும் போய்விடுவாள். பொன்னுருக்கி நின்றுபோன பெண் என்று அவளைத்தான் ஊர் மெல்லும். அதை அவளுக்கு அவன் செய்ய மாட்டான்.

அவன் வெற்றிலையும் உருண்டையும் இருந்த தட்டத்தை வாங்கினான். வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டினான். ஒவ்வொருவராகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யோகலிங்கம் உருண்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, கடைப் பவுனில் இந்த நிறம் வராது, பழம்பொன் பழம்பொன்தான் என்று மெச்சினார். சேயோன் அதற்கும் தலையாட்டினான்.

எல்லாரும் சாப்பாட்டில் இருந்தபோது அவன் மாடிப்படிக்கு வந்து நிலக்சிக்குப் போன் எடுத்தான். பொன்னுருக்கினால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் பார்க்கவோ பேசவோ கூடாது என்று பெரியவர்கள் கட்டுப்பாடு. அவள் அதைத்தான் முதலில் ஞாபகப்படுத்தினாள். பிறகு அவன் குரல் உடைவதைக் கேட்டு, என்ன நடந்தது என்றாள். அவன் சொன்னான்.



"முழுக்க உருக்கியாச்சோ?" என்று கேட்டாள்.

முழுக்க, என்றான். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. தன் துயரத்தில் பாதியை அவள் வாங்கிக்கொண்டாள் என்று அவனுக்குப் பட்டது. ஜப்பான்காரர்களுக்கு மறைக்காமல் உள்ளதை எழுதச் சொன்னாள். தான் இருக்கிறேன் என்றாள். அந்த வீட்டில் அவனுக்கென்று யாருமில்லாத நாளில் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

கனசவாவுக்குப் படங்களோடு எழுதினான். பதில் மறுநாளே வந்தது. தலைவணங்கி எழுதிய நாலு வரி. தட்டுக்காகத் துக்கம் தெரிவித்திருந்தார்கள், ஒரு மனிதர் இறந்தால் தெரிவிப்பதுபோல. இணை இல்லாமல் கண்காட்சி இல்லை. ஆகையால் வேலையும் இல்லை. மன்னிக்க வேண்டும்.

அதன் பிறகு அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. பெட்டியைக் காட்டிக் கொடுத்தது யார்?

விடை அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அறைக்குள் போகிறவள் அம்மா ஒருத்திதான். அலமாரியைத் துடைப்பவள் அவள். மகன் கண்காணாத தேசத்துக்குப் போகிறான் என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சியவளும் அவள். சமையலறையில் அவளை மறித்துக் கேட்டான்.

"என்ரை கண்ணாணை எனக்கு ஒண்டும் தெரியாது, அப்பன்," என்றாள் குணேஸ்வரி. "நான் பெட்டிக்கு மேலை தூசிதான் தட்டுறனான். ஒரு நாளும் அவிழ்த்ததில்லை."

"அப்ப பெட்டி தானாக் கதைச்சதோ?"

அவள் அழுதாள். அவன் நம்பவில்லை. உங்கள் கையால் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றான். அடுத்த அறையில் சிற்றம்பலம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி அழுகிற சத்தம் நன்றாகவே கேட்டிருக்கும். தாளைத் திருப்பிய சத்தம்தான் பதிலாக வந்தது.

சொன்னபடியே செய்தான் சேயோன். கலியாணம் வரைக்கும் வெளியே வாங்கிச் சாப்பிட்டான். அவள் புட்டு அவித்து மூடிவைத்த கோப்பையை அப்படியே குப்பைவாளியில் கவிழ்த்துவிட்டு, அவள் காணட்டும் என்று மூடியைத் திறந்துவிட்டுப் போனான். அவள் குரல் கேட்டால் பக்கத்துக் கதவைச் சாத்தினான். தகப்பனிடம்கூட ஒன்றிரண்டு சொல் பேசினான், அவளிடம் இல்லை. அப்பா எதிரி, அது பழகிப் போனது. அம்மா காட்டிக் கொடுத்தவள். குணேஸ்வரி இரண்டு தரம் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். கலியாணச் சேலை அவளுக்குத் தோளில் நிற்காமல் வழிந்தது. அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள்.

கலியாணம் கொலோனுக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மணவறை முழுக்கப் பூ. ஊர் திரண்டு வந்திருந்தது. மாப்பிள்ளை பெற்றோரின் காலில் விழுந்து ஆசி வாங்கும் நேரம் வந்தது. சேயோன் தகப்பனின் காலைத் தொட்டான். தாயின் முன்னால் வந்ததும் நிமிர்ந்து நின்றான். குணேஸ்வரி கையில் அறுகும் அரிசியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவளைத் தாண்டி நடந்தான்.

வீடியோக்காரன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குணேஸ்வரி கையிலிருந்த அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல், மெல்ல மடித் தலைப்புக்குள் போட்டு முடிந்தாள்.

அதை நிலக்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கூறைச் சேலையில், நெற்றிச்சுட்டி ஆட, மணவறையில் குனிந்த தலையோடு இருந்தவள், கண்ணை மட்டும் உயர்த்தி எல்லாவற்றையும் பார்த்தாள்.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. ஐயர் தாலிக்கொடியை எடுத்து நீட்டினார். அவர்கள் கலியாணங்களில் தாலி கயிற்றில் முடியப்படுவதில்லை; பொன் கொடியில் கோத்து, பிடரியில் திருகுச்சுரை வைத்துப் பூட்டுவார்கள். சேயோன் கொடியை இரண்டு கையாலும் வாங்கினான். நடுவில் தாலி தொங்கியது. பத்தர் கைசுத்தமாகச் செய்திருந்தார். மங்கலான, ஆழமான அந்த மஞ்சள் நிறம் சேயோனுக்குத் தெரிந்த நிறம். சபையே அதை அண்ணாந்து பார்த்தது.

அவன் அவள் கழுத்துக்குப் பின்னால் குனிந்தான். தவில் இடித்தது. அரிசியும் பூவும் மழையாக விழுந்தன. சுரை இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பற்றிக்கொண்டது. அவன் திருகினான்.

நிலக்சி அது இறுகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, அமைதியாகச் சொன்னாள்:

"மாமியோடை கோவிக்காதேங்கோ, பாவம் அவ, எந்தப் பெட்டியெண்டு மாமாவுக்குப் படம் அனுப்பினது நான்தான், ஜப்பானுக்கு வாறியோ எண்டு நீங்கள் என்னை ஒருக்காலும் கேக்கேல்லையே."